சிவகிரிக்குப் போட்டுக்கொண்டு போன கிரீம்

எங்கள் சொந்தபந்தத்தில் எனக்கு 'இளகின மனசுக்காரர்' என்று ஒரு பெயர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் என் சொந்தத் தாய்மாமா செத்ததற்கே கண் கலங்காத ஆள். அந்த நல்ல பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு சன்ஸ்கிரீன் ட்யூப்.

தென்காசியில் இருந்துகொண்டு மாட்டுத் தீவனக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் என்று எனக்கு இருப்பது பைக் சீட்டுதான். காலையில் அச்சன்புதூர், அப்புறம் கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி என்று தீவனக் கடைகளையும் பால் சொசைட்டிகளையும் பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவேன். ஹெல்மெட்டின் கண்ணாடி கீறல் விழுந்து வழியே தெரியாது என்பதால் அதை எப்போதும் மேலே தூக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். வெயில் அந்தத் திறப்பு வழியாக மட்டும் உள்ளே வந்து, புருவத்திலிருந்து மேலுதடு வரை ஒரு பட்டை அடித்துவிட்டுப் போனது. நெற்றியும் தாடையும் பிறந்த நிறத்தில் இருந்தன. நான் ஹெல்மெட்டைக் கழற்றினாலும் கழற்றாத மாதிரியே இருக்கும்.

கன்னத்தில் கருந்திட்டாக மங்கு வேறு விழுந்துவிட்டது. தோல் டாக்டரிடம் போனேன். "வெயில்ல போகாதீங்க" என்றார். நான் வேலையைச் சொன்னேன். "அப்ப சன்ஸ்கிரீன் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என்ன சன்ஸ்கிரீன் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது. என் கொழுந்தியாள் சுகந்தி, என் மனைவி வடிவின் தங்கை. காலேஜில் படித்தது கணக்கு. போனில் படித்ததெல்லாம் தோல். "அத்தான், ரெண்டு வெரல் நீளத்துக்கு எடுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி போடணும்" என்று எனக்குப் பாடம் நடத்தினாள். வடிவுக்கு இதில் அக்கறை இல்லை. "கருப்பா இருந்தா என்ன? கெட்டிக் குடுத்தாச்சு. இனி உங்கள யாரு பாக்கப் போறா?" என்று மாவு அரைக்கப் போய்விட்டாள்.

மாமாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம். மாமா, அதாவது என் மாமனார், போலீஸ் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறார். முகத்துக்கு நல்லெண்ணெயைத் தவிர வேறொன்றைத் தொட்டதில்லை. சர்வீசில் இருந்தபோது பவுடர் பூசிக்கொண்டு டூட்டிக்கு வந்த ஒரு கான்ஸ்டபிளை மூஞ்சியைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிய மனிதர். ஆம்பிளைக்குக் கிரீம் கூடாது, கண்ணீர் கூடாது என்பது அவருடைய இரண்டு சட்டங்கள்.

முதலில் வாங்கிய கிரீம் சுவருக்கு அடிக்கிற பிரைமர் போல வெள்ளையாக அப்பிக்கொண்டது. அச்சன்புதூர் பால் சொசைட்டிச் செயலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "என்ன அண்ணாச்சி, மால போட்டிருக்கியளா? மூஞ்சி பூரா துன்னூறு?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். (வேறு என்ன சொல்ல முடியும்?) அதற்காக அவர் கண்ணில் படும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது ஜெல். வெள்ளை தெரியவில்லை, ஆனால் பிசுபிசுவென்று இருந்தது. கடையநல்லூர் போய்ச் சேர்வதற்குள் பாதி ரோடு என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அதையும் விட்டேன்.

மூன்றாவது ட்யூபில் தண்ணீருக்கும் வியர்வைக்கும் அசையாது என்று போட்டிருந்தது. விலையும் அப்படித்தான். போட்டிருப்பதை அப்படியே நம்புவதற்கு நான் தயாராக இல்லை. இரண்டு தடவை ஏமாந்தவன். மற்ற ஊர்க்காரன் என்றால் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பான். நான் தென்காசிக்காரன். தண்ணீரைத் தாங்குமா என்று பார்க்க எங்களுக்கு அருவி இருக்கிறது.

ஆடி மாதம், நல்ல சாரல். குற்றாலம் பேரருவியில் கூட்டம். எல்லோரும் உடம்பு முழுக்க எண்ணெய் மினுங்க நிற்கிறார்கள். நான் முகத்தில் மட்டும் கிரீமைக் கனமாக அப்பிக்கொண்டு, கடமைக்கு வந்தவன் மாதிரி வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஏ தம்பி, எண்ணெய்க்குப் பதிலா சுண்ணாம்பு தேச்சிருக்கியளோ?" என்று கேட்டார். ஆராய்ச்சியில் இருப்பவன் பேசக்கூடாது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு தலை மரத்துப் போகும் வரை அருவிக்குள் நின்றேன். வெளியே வந்து கன்னத்தைத் தடவிப் பார்த்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுகிறது. கிரீம் அங்கேயே இருக்கிறது! குற்றாலத்து அருவியே சோதித்துப் பார்த்துச் சொன்ன பிறகு வேறு என்ன சாட்சி வேண்டும்? இதுதான் நம் கிரீம் என்று முடிவு செய்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு தீர விசாரிக்கவில்லை.

என் ஆராய்ச்சியில் ஒரு ஓட்டை இருந்தது. அருவி மேலே இருந்து விழுகிறது. விழுகிற வேகத்தில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வியர்வை அப்படியல்ல. அது உள்ளே இருந்து கிளம்பும், கிரீமுக்கு அடியில் புகுந்து கிளப்பும், பைய நகர்ந்து கண் ஓரத்துக்கு வந்து சேரும். ஆடியிலும் ஆவணியிலும் சாரல் காற்றில் எனக்கு வியர்க்கவே இல்லை. அதனால் புரட்டாசி வரை எனக்கு இது தெரியாது.

இந்த இடத்தில் பெரிய மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவுக்கு உடன் பிறந்த ஒரே அண்ணன். சிவகிரியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் நிச்சயதார்த்தம் என்றால் பெண் வீட்டார் சார்பில் தாம்பூலத் தட்டை மூத்தவர்தான் கை நீட்டி வாங்க வேண்டும். எனக்கும் வடிவுக்கும் நிச்சயம் நடந்த அன்று பெரிய மாமா வந்த பஸ் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. ராகுகாலம் நெருங்கியது. என் வீட்டுப் பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமா பொறுத்துப் பார்த்துவிட்டு, தட்டைத் தாமே வாங்கிவிட்டார்.

பெரிய மாமா மண்டப வாசலுக்கு வந்தபோது தட்டு மாறி முடிந்திருந்தது. "சரிதாம்லே. நீ பெரிய மனுசன் ஆயிட்ட" என்று வாசலில் நின்றே சொன்னார். அப்படியே திரும்பி நடந்தார். என் கல்யாணத்துக்கும் வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு அன்றோடு அறுந்து போனது. நான் மாப்பிள்ளையாக மேடையில் உட்கார்ந்திருந்ததால் அவருடைய முதுகை மட்டும்தான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு குடை. அந்த முதுகு ரொம்ப நாள் என் மனசில் கிடந்து உறுத்தியது.

புரட்டாசியில் ஒரு காலை அவர் இறந்துபோன செய்தி வந்தது. நானும் வடிவும் மாமா வீட்டுக்கு ஓடினோம். மாமா கையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. "அப்பா, கெளம்புங்க" என்று வடிவு அழுதாள். "உசுரோட இருக்கையில பேசல. இனிப் போயி என்னத்தப் பேச?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீங்க லைனுக்கு அந்தப் பக்கந்தான போறிய? ஒரு மாலையப் போட்டுட்டு வந்துருங்க. மொறைக்கு ஒரு ஆளு தலையக் காட்டுனாப் போதும். அங்கன பச்சத் தண்ணி குடிக்க வேண்டாம்."

நான் பைக்கை எடுக்கும்போது வடிவு பின்னாலேயே வந்தாள். "நாலு மணிக்கு எடுக்காவளாம். எப்படியாவது அப்பாவ அங்க வர வச்சிருங்க. இன்னைக்கு மொகத்தப் பாக்காம விட்டாருன்னா, அப்பா காலம் பூரா அதையே நெனச்சுக் கருகிப் போயிருவாரு" என்றாள். ஒரு சப் இன்ஸ்பெக்டரை நான் எப்படி வர வைப்பது? சரி சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எந்த யோசனையும் என்னிடம் இல்லை.

முகத்தில் கிரீம் மட்டும் இருந்தது. இரண்டு விரல் நீளம், குறையாமல். புளியங்குடியில் மாலை வாங்க நிறுத்தினேன். சுகந்தி சொன்ன இரண்டு மணி நேரம் ஆகவில்லை. ஆனாலும் துஷ்டி வீட்டுக்குப் போனால் நடுவில் எங்கே போடுவது என்று யோசித்து, வியர்வை மேலேயே இன்னொரு பூச்சுப் பூசினேன். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். அந்தக் கைக்குட்டையை மறந்துவிடாதீர்கள்.

சிவகிரியில் வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கழற்றினேன். அதுவரை தேங்கி நின்ற வியர்வை மொத்தமும் கீழே இறங்கத் தொடங்கியது. ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். தென்காசிக்கார மாப்பிள்ளை என்று யாரோ சொல்ல, பேச்சு நின்றது. நான் மாலையோடு நடுவீட்டுக்குள் போனேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் பெரிய மாமா படுத்திருந்தார்.

அப்போதுதான் அவர் முகத்தை முதல் முறையாகப் பார்க்கிறேன். அது அப்படியே மாமாவின் முகம். அதே மூக்கு, அதே மீசை, அதே பிடிவாதமான தாடை. மாமாவே உள்ளே படுத்திருப்பது போலிருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. இது நிஜம். இதற்கும் கிரீமுக்கும் சம்பந்தம் இல்லை.

மாலையைப் பெட்டி மேல் வைத்த நொடியில் முதல் சொட்டு இடது கண்ணுக்குள் இறங்கியது. மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கினால் எப்படி இருக்கும், அப்படி. வலது கண்ணும் உடனே சேர்ந்துகொண்டது. கண்ணீர் கொட்டியது. கைக்குட்டையை எடுத்து நன்றாக அழுத்தித் துடைத்தேன். அதில் புளியங்குடியில் துடைத்த கிரீம் அத்தனையும் இருந்தது. அப்புறம் எனக்கு உலகமே தெரியவில்லை. மூக்கு ஒழுகியது, தோள் குலுங்கியது, என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

எரிச்சல் தாங்காமல் கையை ஊன்றியபோது ஐஸ் பெட்டியின் கண்ணாடி ஜில்லென்று பட்டது. யோசிக்கவே இல்லை. குனிந்து கன்னத்தை அதில் வைத்துவிட்டேன். ஆகா, என்ன சுகம்! மறு கன்னத்தையும் வைத்தேன். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கம் ஒரு கணம் ஒப்பாரி நின்றது. பிறகு பெரியத்தையின் குரல் எழும்பியது. பெரிய மாமாவின் மனைவி. அவர்களையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

"கூடப் பொறந்த தம்பி
கூப்பிட்டும் வரலியே
நேத்து வந்த மருமவன்
நெஞ்சடிச்சு நிக்காகளே…"

நான் நெஞ்சில் அடிக்கவில்லை. சட்டைப் பையில் வேறு துணி ஏதாவது இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு வீடே கதறியது. இரண்டு பேர் என்னைப் பெட்டியிலிருந்து பிரித்து எடுத்து உட்கார வைத்தார்கள். ஒருவர் செம்பில் தண்ணீர் நீட்டினார். முகத்தைக் கழுவக் கிடைத்த தெய்வமே என்று கையை நீட்டினேன். மாமா சொன்னது ஞாபகம் வந்தது. தலையை வேகமாக ஆட்டி மறுத்தேன். "தண்ணிகூட வேண்டாங்காரு, பாவம்" என்றார் அவர். அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் கூடாது, கழுவலாம் என்பது செம்பு போன பிறகுதான் உறைத்தது.

பெரியத்தை எழுந்து வந்தார்கள். "எய்யா, அழாதிய. நீங்க வந்ததே அவுகளுக்குப் போதும்" என்று தம் முந்தானையால் என் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை அழுத்தித் துடைத்துவிட்டார்கள். புருசனைப் பறிகொடுத்து அரை நாள் ஆகவில்லை, எனக்குக் கண் துடைக்கிறார்கள். கண் தெளிந்தது. அவர்களை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை. பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் என் இரண்டு கன்னங்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. திருநீறு என்று நினைத்து ஒரு ஆச்சி அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பெரிய மாமாவின் மகன் மாரிச்செல்வம் என் பக்கத்தில் நின்றே போன் போட்டான்.

"சித்தப்பா, உங்க மாப்ள இங்கன அழுத அழுகையில ஊரே அழுவுது. நீங்க வாரியளா, இல்லியா?"

அந்தப் பக்கம் மாமாவின் குரல் எனக்கும் கேட்டது. "மாப்ளையா? எந்த மாப்ள?"

"உங்க மாப்ளதான். ஐஸ் பெட்டியக் கெட்டிப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னுட்டாரு."

"நீ நேர்ல பாத்தியாலே?" (போலீஸ்காரர் அல்லவா?)

"கண்ணால பாத்தேன் சித்தப்பா."

போன் வைக்கப்பட்டுவிட்டதோ என்று மாரிச்செல்வம் திரையைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் உண்மையில் வைத்தார்.

நாலு மணி நெருங்கியது. குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, பெரிய மாமாவைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். தூக்கலாமா என்று பேச்சு எழுந்தபோது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. வடிவும் சுகந்தியும் இறங்கினார்கள். கடைசியாக மாமா. கூட்டம் விலகி வழி விட்டது. அணிவகுப்புக்கு நடப்பது போல நேராக நடந்து வந்து அண்ணன் காலடியில் நின்றார். அழவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு, "மதினி, வீட்டுல ஒரு தாம்பாளம் இருக்கா?" என்று கேட்டார்.

வந்தது. தலைமாட்டில் இருந்த வெற்றிலையும் பாக்கும் ஒரு பழமும் எடுத்து அதில் வைத்தார். குனிந்து, அண்ணனின் இரண்டு கைகளையும் அதன் மேல் படும்படி வைத்துப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இந்தா. நீயே வாங்கிக்கோ" என்றார். மறுபடியும், "வாங்கிக்கோ அண்ணே" என்றார். மூன்றாவது தடவை சொல்ல அவருக்குக் குரல் வரவில்லை. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். என் தோளில் முகத்தை வைத்து, வாழ்நாளில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். அப்போது நானும் அழுதேன். என் முகத்தில் ஒரு துளி கிரீம்கூட அப்போது மிச்சமில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பி ஆண்கள் எல்லோரும் தோட்டத்துப் பம்புசெட்டில் குளித்தோம். மாமா என் பக்கத்தில் நின்று துண்டைப் பிழிந்தார். "மாப்ளே, எங்க அண்ணன்கிட்ட ஒரு தடவ பேசினது கூட இல்ல. நீங்க இப்படி அழுவியன்னு நான் நெனைக்கல" என்றார். அதை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. "மாமா, மொதல்ல அழுதது அழுகை இல்ல. மொகத்துல போட்ட கிரீம் கண்ணுல எறங்கிட்டு" என்றேன்.

அவர் என்னை விசாரணைக் கண்ணால் பார்த்தார். "என்ன கிரீம்?"

"வெயிலுக்குப் போடுதது மாமா."

"ஆம்பளையுமா?"

"ஆமா மாமா."

பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "யாருட்டயும் சொல்லாதிய" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பைக்கை மாரிச்செல்வம் வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் ஒரே காரில் திரும்பினோம். கடையநல்லூர் தாண்டும்போது வடிவு, "அப்பா, கண்ணு என்ன இப்படிச் செவந்து கெடக்கு?" என்று கேட்டாள். மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாப்ள மொகத்துக்கு என்னமோ கிரீம் போட்டிருக்காரு. அது என் கண்ணுலயும் பட்டுட்டு" என்றார். என் மானத்தை விற்று அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். சுகந்திதான் முதலில் சிரித்தாள். அழுது வீங்கிய கண்ணோடு வடிவும் சிரித்தாள். அந்தச் சாவு நாளில் அது ஒன்றுதான் சிரிப்பு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அழுவதில்லை, கிரீம்தான் படுகிறது. டிவி பார்த்துக் கண்ணைத் துடைத்தால் கிரீம். எங்கள் மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து வடிவு மூக்கை உறிஞ்சினால் கிரீம். சிவகிரிக்காரர்கள் மட்டும் இன்னும் என்னை இளகின மனசுக்காரர் என்றே நம்புகிறார்கள். எந்தத் துஷ்டி என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. (நான் இப்போது தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே மட்டும் கிரீம் போட்டுக்கொண்டு போகிறேன்.)

இந்தத் தை மாதம் சுகந்திக்கு நிச்சயம் நடந்தது. ராகுகாலத்துக்கு நிறைய நேரம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டை நீட்டினார்கள். மாமா பின்னால் ஒரு எட்டு நகர்ந்து, மாரிச்செல்வத்தை முன்னால் தள்ளினார். "அண்ணன் இருந்து வாங்க வேண்டிய தட்டு. நீ வாங்குலே" என்றார். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். பெரியத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

மாமாவின் கண்கள் நிரம்பிக்கொண்டு வந்தன. சபை முழுக்கப் பார்க்கிறது. நான் அவர் காதோரம் போய், "மாமா, நான் இன்னைக்குக் கிரீம் போடலியே" என்றேன்.

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் போட்டிருக்கேன் மாப்ளே."